தலை திரும்பாத குழந்தை: வெளியிலிருந்து திருப்பும்போது இதயத்துடிப்பு குறைந்தால் என்ன ஆகும்?

"தலை இன்னும் மேலதாம்மா இருக்கு."

36-வது வார ஸ்கேனில் டாக்டர் இப்படிச் சொன்னதும், அதுவரை நார்மல் டெலிவரி என்று நம்பியிருந்த வீட்டில் பேச்சே மாறிவிடும். நல்ல நாள் பார்த்து சிசேரியனுக்குத் தேதி குறிப்பதா, இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பதா என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. வயிற்றின் மேல் கை வைத்து, வெளியிலிருந்தே குழந்தையை மெல்லத் திருப்பி, தலையைக் கீழே கொண்டுவரும் மருத்துவ முறை அது. மருத்துவர்கள் சுருக்கமாக இதை 'இ.சி.வி.' என்கிறார்கள்.

இந்த வழியை டாக்டர் சொன்னவுடன் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சும்மா இருக்குற குழந்தையை எதுக்கு அசைக்கணும்? ஹார்ட் பீட் குறைஞ்சு போச்சுன்னா?"

இந்தப் பயம் ஆதாரமில்லாதது அல்ல. திருப்பும்போது குழந்தையின் இதயத்துடிப்பு குறைவது உண்மையிலேயே நடக்கிறது. இந்த முறையில் அதிகம் காணப்படும் சிக்கலே அதுதான். ஆனால் பெரும்பாலானோருக்கு அது சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிடுகிறது. மிகச் சிலருக்கு மட்டும் சரியாகாமல் அவசர சிசேரியன் வரை போகிறது. அந்த மிகச் சிலரில் ஒருவராக இருந்தாலும் தாயும் குழந்தையும் பத்திரமாக வெளியே வர என்ன தேவை என்பதில்தான் இந்த விஷயத்தின் மையம் இருக்கிறது.

'தலைகீழ்'தான் சரியான நிலை

பேச்சு வழக்கில் 'தலைகீழ்' என்றால் தப்பு என்று பொருள். கர்ப்பப்பைக்குள் அது நேர்மாறு. பிரசவ நேரத்தில் குழந்தையின் தலை கீழே, இடுப்பும் கால்களும் மேலே இருப்பதுதான் இயல்பு. தலை மேலே இருந்து, இடுப்போ காலோ கீழே இருந்தால் அதை 'பிரீச்' என்கிறார்கள்.

ஏழாவது மாதத் தொடக்கத்தில் இது சாதாரணம். 28-வது வாரத்தில் சுமார் ஐந்தில் ஒரு குழந்தை பிரீச் நிலையில்தான் இருக்கும். உள்ளே இடம் இருப்பதால் குழந்தை தன் இஷ்டத்துக்குப் புரளும். மாதம் நிறைய நிறைய இடம் குறையும். பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே தலையைக் கீழே கொண்டுவந்துவிடும். மாதம் நிறைந்த பிறகும் பிரீச்சாக இருப்பவை 100-க்கு 3 முதல் 4 குழந்தைகள் மட்டுமே.

36-வது வாரத்துக்குப் பிறகு தானாகத் திரும்பும் வாய்ப்பு குறைவு. முதல் பிரசவமாக இருந்தால் 100-க்கு சுமார் 8 குழந்தைகள்தான் அதன் பிறகு தாமாகத் திரும்புகின்றன. அதனால்தான் முதல் பிரசவத்துக்கு 36-வது வாரத்திலிருந்தும், ஏற்கெனவே குழந்தை பெற்றவர்களுக்கு 37-வது வாரத்திலிருந்தும் இ.சி.வி. செய்யலாம் என்று பிரிட்டனின் ராயல் மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவர்கள் கல்லூரி வழிகாட்டுகிறது. அமெரிக்காவில் பொதுவாக 37 வாரம் முடிந்த பிறகு.

ஏன் அதற்கு முன்பே செய்வதில்லை? இரண்டு காரணங்கள். முன்கூட்டித் திருப்பினால் குழந்தை மறுபடி பழைய நிலைக்கே போய்விடலாம். இன்னொன்று, இதயத்துடிப்பு குறைந்து உடனே வெளியே எடுக்க வேண்டியிருந்தால், 37 வாரக் குழந்தை குறைமாதக் குழந்தையைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

பிரீச் என்றாலே சிசேரியன் என்று ஆனது எப்படி?

இதில் 2000-ம் ஆண்டு ஒரு திருப்புமுனை. 26 நாடுகளில், 121 மையங்களில், 2,088 பெண்களிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முடிவு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. திட்டமிட்டு சிசேரியன் செய்த பிரிவில் குழந்தை இறப்பு அல்லது தீவிர பாதிப்பு 1.6 சதவீதம். பிரீச் நிலையிலேயே சுகப்பிரசவத்துக்கு முயன்ற பிரிவில் 5 சதவீதம்.

உலகம் முழுவதும் மகப்பேறு மருத்துவர்கள் வேகமாக சிசேரியன் பக்கம் சாய்ந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஆய்வின் குழந்தைகளில் ஒரு பகுதியினரைப் பரிசோதித்தபோது, இறப்பிலோ மூளை வளர்ச்சித் தாமதத்திலோ இரு பிரிவுகளுக்கும் இடையே வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வு நடத்தப்பட்ட விதம் பற்றியும் விமர்சனங்கள் வந்தன. ஆனால் அதற்குள் பிரீச் குழந்தையைச் சுகப்பிரசவமாக எடுக்கும் பழக்கம் பல மருத்துவமனைகளில் அருகிவிட்டது. செய்து செய்து பழகாத கையில் அந்தத் திறமை தங்காது.

பிரிட்டன் கல்லூரியின் 2017-ம் ஆண்டு வழிகாட்டுதல் தரும் கணக்கு இது. 39 வாரத்துக்குப் பிறகு திட்டமிட்ட சிசேரியனில் பிரசவத்தை ஒட்டிய குழந்தை இறப்பு 1,000-க்கு 0.5. பிரீச் நிலையில் திட்டமிட்ட சுகப்பிரசவத்தில் 1,000-க்கு 2. தலை கீழே இருக்கும் குழந்தையின் திட்டமிட்ட சுகப்பிரசவத்தில் 1,000-க்கு 1.

இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குழந்தையின் உயிரை மட்டும் வைத்துப் பார்த்தால் சிசேரியனில் ஆபத்து மிகக் குறைவு. அப்படியானால் திருப்புவது எதற்கு? பிரீச் பிரசவத்தின் கூடுதல் ஆபத்தைக் குறைத்து, தாயின் வயிற்றில் கத்தி படாமலும் பார்த்துக்கொள்ள உதவும் வழி அதுதான். ஒரு முறை சிசேரியன் ஆனால், அடுத்த பிரசவமும் பெரும்பாலும் சிசேரியன்தான் என்ற பேச்சு அங்கிருந்தே ஆரம்பிக்கிறது. பழைய தழும்பின் மேல் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொள்வது, தழும்பு விட்டுக்கொடுப்பது போன்ற ஆபத்துகள் அடுத்தடுத்த கர்ப்பங்களில்தான் தலைகாட்டும். அதனால், இரண்டாவது குழந்தை வேண்டும் என்று நினைக்கும் முதல் பிரசவப் பெண்ணுக்கு இந்த முடிவு கூடுதல் முக்கியமானது.

எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் ஸ்கேன். குழந்தை எப்படிப் படுத்திருக்கிறது, நஞ்சுக்கொடி எங்கே, பனிக்குட நீர் போதுமா என்று பார்க்கிறார்கள். பிறகு சி.டி.ஜி. கருவியின் பட்டையை வயிற்றில் கட்டி இதயத்துடிப்பைப் பதிவு செய்கிறார்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் 'என்.எஸ்.டி. எடுக்கணும்' என்று சொல்லும்போது பயன்படுத்துவதும் இந்தக் கருவியைத்தான். தொடங்குவதற்கு முன்பே பதிவு சரியில்லை என்றால், திருப்பும் பேச்சுக்கே இடமில்லை.

கர்ப்பப்பை இறுகியிருந்தால் குழந்தை நகராது. அதைத் தளர்த்த டெர்பியூட்டலின் போன்ற மருந்தை ஊசியாகப் போடுவதுண்டு. இப்படித் தளர்த்திய பிறகு முயன்றால் வெற்றி வாய்ப்பு கூடுகிறது என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்டிருக்கிறது. இந்த ஊசியால் தாய்க்குக் கொஞ்ச நேரம் படபடப்பும் கை நடுக்கமும் வரலாம்.

பிறகு வயிற்றில் ஜெல் தடவி, ஒரு கையால் குழந்தையின் இடுப்பை மேலே தூக்கிவிட்டு, இன்னொரு கையால் தலையை வழிகாட்டி, முன்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கும் திசையில் நகர்த்துகிறார்கள். அதில் நகரவில்லை என்றால் எதிர்த்திசையில் முயல்வார்கள். கை வைத்து அழுத்தும் நேரம் மொத்தமே சில நிமிடங்கள்தான். அழுத்தம் நன்றாகவே தெரியும், சிலருக்கு வலிக்கும். "போதும், நிறுத்துங்க" என்று தாய் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்தியாக வேண்டும்.

வெற்றி விகிதம் சுமாராகப் பாதிக்குப் பாதி. முதல் பிரசவத்தில் 40 சதவீதம், ஏற்கெனவே பெற்றவர்களுக்கு 60 சதவீதம் என்பது பிரிட்டன் வழிகாட்டுதலின் கணக்கு. திரும்பிய குழந்தைகளில் மறுபடி பிரீச்சுக்குப் போவது 100-க்கு 5-க்கும் குறைவு.

இதயத்துடிப்பு ஏன் குறைகிறது?

கர்ப்பப்பைக்குள் இருக்கும் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 முறை துடிப்பது இயல்பு. திருப்பும்போது இது 110-க்குக் கீழே இறங்கலாம். அதற்கு ஒன்றுக்கும் மேற்பட்ட காரணங்கள் உண்டு.

ஒன்று, தலையில் படும் அழுத்தம். தலை அழுத்தப்படும்போது 'வேகஸ்' என்ற நரம்பு தூண்டப்பட்டு இதயம் மெதுவாகத் துடிக்கும். குழந்தையின் உடல் இயல்பாகக் காட்டும் எதிர்வினைதான் இது. பிரசவ வலியின்போது தலை இறங்கும் நேரத்திலும் இதே எதிர்வினையைப் பார்க்கலாம்.

இரண்டு, ரத்த ஓட்டம். வயிற்றை வெளியிலிருந்து அழுத்தும்போது கர்ப்பப்பைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் குறையும். அதோடு குழந்தைக்குப் போகும் ஆக்சிஜனும் குறையும். கையை எடுத்ததும் ஓட்டம் திரும்பிவிடும்.

மூன்று, தொப்புள் கொடி. குழந்தை சுழலும்போது கொடி நசுங்கலாம், இழுபடலாம். மறுபடி கொஞ்சம் நகர்ந்ததும் பெரும்பாலும் விடுபட்டுவிடும்.

நான்கு, தாய் படுத்திருக்கும் நிலை. நிறைமாதத்தில் நேராக மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் எடை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும். தாயின் ரத்த அழுத்தம் இறங்கினால் குழந்தைக்கும் ரத்தம் குறையும். இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தாலே பல நேரங்களில் நிலைமை தேறுவது இதனால்தான்.

இந்த நான்கும் பெரும்பாலும் தற்காலிகமானவை. ஐந்தாவது காரணம்தான் கவலைக்குரியது: நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிரிந்துபோவது. அப்போது கையை எடுத்தாலும் துடிப்பு மீளாது. வயிறு கல் மாதிரி இறுகுவது, விடாத வலி, ரத்தப்போக்கு ஆகியவை கூட வரலாம். இந்த நிலையில் அவசர சிசேரியன்தான் வழி.

எண்கள் என்ன சொல்கின்றன?

2004-ல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வு, 44 ஆய்வுகளில் இருந்த 7,377 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. அதில் கிடைத்தவை:

- தற்காலிகமாக இதயத்துடிப்புப் பதிவு மாறியது: 5.7%
- மாறிய பதிவு சரியாகாமல் நீடித்தது: 0.37%
- ரத்தப்போக்கு: 0.47%
- நஞ்சுக்கொடி விலகல்: 0.12%
- அவசர சிசேரியன்: 0.43%

2008-ல் வெளியான இன்னொரு தொகுப்பு இதைவிடப் பெரியது: 84 ஆய்வுகள், 12,955 பெண்கள். எல்லாச் சிக்கல்களும் சேர்த்து 6.1 சதவீதம். குழந்தை இறப்பு, நஞ்சுக்கொடி விலகல் போன்ற தீவிர சிக்கல்கள் 0.24 சதவீதம். அவசர சிசேரியன் 0.35 சதவீதம். குழந்தை திரும்பியதா இல்லையா என்பதற்கும் சிக்கல் வந்ததற்கும் தொடர்பு இல்லை என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது.

முதல் ஆய்வின் சதவீதத்தை ஆட்கணக்கில் சொன்னால் இப்படி வரும். 1,000 பெண்களுக்கு இ.சி.வி. செய்தால், சுமார் 57 பேருக்குக் குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு கொஞ்ச நேரம் மாறி, பிறகு சரியாகிவிடும். சுமார் 4 பேருக்கு அது சரியாகாமல் நீடிக்கும். ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் பெண்கள் அன்றே ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும்.

1,000-க்கு 4 என்பது சிறிய எண். ஆனால் அந்த நான்கு பேர் யார் என்பது முன்கூட்டித் தெரியாது. 57 பேரின் பதிவும் 4 பேரின் பதிவும் முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்தச் சில நிமிடங்களில் என்ன நடக்கும்?

துடிப்பு இறங்குகிறது என்று தெரிந்ததும் முதல் வேலை, கையை எடுப்பது. 'இன்னும் கொஞ்சம்தான், முடிச்சுடலாம்' என்பதற்கு இங்கே இடமில்லை. தாயை இடது பக்கம் திருப்பிப் படுக்கவைக்கிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். ஸ்கேனில் இதயத்தை நேரடியாகப் பார்க்கிறார்கள். திருப்பும்போது கை வைக்க இடம் வேண்டும் என்பதால் சி.டி.ஜி. பட்டையைக் கழற்றியிருப்பார்கள். அதனால் இடையிடையே ஸ்கேன் மூலம் துடிப்பைப் பார்ப்பது இந்த முறையின் ஒரு பகுதி.

இங்கே ஒரு நுணுக்கமான ஆபத்து இருக்கிறது. கர்ப்பப்பையைத் தளர்த்தும் ஊசியால் தாயின் நாடித்துடிப்பு 100-ஐத் தாண்டிப் போகலாம். கருவி சில நேரம் குழந்தையின் துடிப்புக்குப் பதிலாகத் தாயின் துடிப்பைப் பிடித்துவிடும். திரையில் 120 என்று தெரிந்தால் 'குழந்தை நல்லா இருக்கு' என்று நினைக்கத் தோன்றும். அது தாயின் நாடியாக இருக்கலாம். அதனால்தான் தாயின் மணிக்கட்டில் நாடியைத் தனியாகப் பிடித்துப் பார்த்து, இரண்டும் வேறு வேறு எண்கள்தானா என்று உறுதி செய்துகொள்கிறார்கள்.

சில நிமிடங்களாகியும் துடிப்பு ஏறவில்லை என்றால் அடுத்த கட்டம். பிரிட்டன் பிரசவ அறைகளில் நீடித்த இதயத்துடிப்புக் குறைவுக்கு '3-6-9-12' என்று ஒரு நினைவுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 3-வது நிமிடத்தில் உதவிக்கு ஆட்களை அழைப்பது, 6-வது நிமிடத்தில் தியேட்டருக்கு நகர்த்துவது, 9-வது நிமிடத்தில் பிரசவத்துக்குத் தயாராவது, 12-வது நிமிடத்தை ஒட்டிக் குழந்தையை எடுக்கும் வேலையில் இறங்குவது. ஒவ்வொரு படியிலும் துடிப்பு மீண்டுவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அந்தக் கணக்கு பிரசவ வலியில் இருக்கும் பெண்களுக்காக உருவானது என்றாலும், அதில் இருக்கும் பாடம் இங்கேயும் பொருந்தும்: காத்திருந்து பார்ப்பதும் தயாராவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

சில நிமிட ஆக்சிஜன் குறைவை நல்ல எடையுள்ள, ஆரோக்கியமான நிறைமாதக் குழந்தை தாங்கிக்கொள்ளும். வளர்ச்சி குன்றிய, பனிக்குட நீர் குறைந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பு குறைவு. யாருக்குச் செய்யலாம், யாருக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே வடிகட்டுவது அதனால்தான் முக்கியம்.

திருப்பி முடித்த பிறகும் வேலை முடிவதில்லை. குழந்தை திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் மறுபடி சி.டி.ஜி. கட்டி, குறைந்தது 20, 30 நிமிடமாவது பதிவு பார்க்கிறார்கள். தாயின் ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி போடுவார்கள். குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்திருக்கலாம் என்பதற்கான முன்னெச்சரிக்கை அது.

ஒருமுறை கைவிடப்பட்ட முறை

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. வயிற்றைத் தடவிக் குழந்தையைத் திருப்பும் வழக்கம் மிகப் பழையது. நவீன மருத்துவமனைகளிலும் 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது பரவலாக இருந்தது. அப்போது இன்றைய மாதிரி ஸ்கேனோ தொடர் இதயத்துடிப்புப் பதிவோ கிடையாது. மாதம் நிறைவதற்கு முன்பே திருப்பினார்கள்; சிலர் மயக்க மருந்து கொடுத்தும் திருப்பினார்கள். தாய் மயக்கத்தில் இருந்தால் 'வலிக்குது' என்று சொல்ல முடியாது. எவ்வளவு அழுத்தம் போகிறது என்பதற்குத் தடுப்பும் இருக்காது. குழந்தை இறப்புகள் பதிவானதால் 1970-களில் பல இடங்களில் இந்த முறை செல்வாக்கை இழந்தது.

1980-களில் அது திரும்ப வந்தது. கை வைத்துத் திருப்பும் அடிப்படை உத்தி ஏறக்குறைய அதேதான். மாறியவை சுற்றியிருக்கும் விஷயங்கள்: நிறைமாதம் வரை காத்திருப்பது, ஸ்கேன், சி.டி.ஜி., தளர்த்தும் மருந்து, பக்கத்திலேயே தியேட்டர்.

வீட்டில் எண்ணெய் தடவிக் குழந்தையைத் திருப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுக்க வேண்டியது இதனால்தான். கை பழக்கம் உள்ளவர்தான் என்றாலும், துடிப்பு குறைந்தால் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்தாலும் செய்ய ஒன்றும் இல்லை.

யாருக்கு இது கூடாது?

நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்திருப்பவர்கள், வேறு காரணத்துக்காக எப்படியும் சிசேரியன் தேவைப்படுபவர்கள், அண்மையில் ரத்தப்போக்கு வந்தவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், இதயத்துடிப்புப் பதிவு சரியில்லாதவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் ஆகியோருக்குப் பொதுவாக இது செய்யப்படுவதில்லை. இரட்டையரில் முதல் குழந்தை பிறந்த பிறகு இரண்டாவதைத் திருப்புவது மட்டும் தனிக் கணக்கு.

கடுமையான ரத்த அழுத்தப் பிரச்சினை, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு, பனிக்குட நீர் மிகக் குறைவு ஆகியவை இருந்தால் மருத்துவர்கள் தயங்குவார்கள். முன்பு ஒரு சிசேரியன் ஆனது மட்டுமே தடையல்ல. ஆனால் அவரவர் நிலையைப் பார்த்துத்தான் முடிவு.

தமிழ்நாட்டில் இதற்கு என்ன பொருத்தம்?

2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அதற்கு முந்தைய ஆய்வில் இது 34.1 சதவீதம். இந்திய சராசரி 21.5 சதவீதம்தான். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் தமிழ்நாட்டில் 63.8 சதவீதம்; அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம்.

பிரீச் குழந்தைகளைத் திருப்பிவிட்டால் இந்த எண் சரிந்துவிடுமா? அப்படிச் சொன்னால் அது மிகை. நிறைமாத பிரீச் மொத்தத்தில் 3 முதல் 4 சதவீதம். அதில் சுமார் பாதிதான் திரும்பும். திரும்பியவர்களிலும் சிலருக்கு வேறு காரணங்களால் சிசேரியன் ஆகும். ஆக, எல்லோருக்கும் முயன்றாலே ஒன்றரை முதல் இரண்டு சதவீதப் புள்ளிதான் குறையும், அதுவும் அதிகபட்சமாக. 44.9-க்கான காரணங்களை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

ஆனால் தனி ஒரு பெண்ணுக்குக் கணக்கு வேறு. 8 ஆய்வுகளில் இருந்த 1,308 பெண்களை வைத்து 2015-ல் வெளியான காக்ரேன் தொகுப்பு, இ.சி.வி. முயன்றவர்களிடம் சிசேரியன் கணிசமாகக் குறைவு என்று காட்டியது. குழந்தை இறப்பு கூடியதாக அதில் தெரியவில்லை. ஆனால் அவ்வளவு அரிதான விஷயத்தை உறுதியாக அளக்க 1,308 பேர் போதாது.

வசதி என்று பார்த்தால் தமிழ்நாடு மோசமான இடத்தில் இல்லை. அதே குடும்ப நல ஆய்வில் இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 24 மணி நேரமும் அவசர மகப்பேறு சிகிச்சை தரும் 'சீமாங்க்' மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. இ.சி.வி.க்குத் தேவையான ஸ்கேன், சி.டி.ஜி., தியேட்டர், மயக்க மருந்து நிபுணர் எல்லாம் சிசேரியன் நடக்கும் பெரிய மருத்துவமனைகளில் எப்படியும் இருப்பவைதான். தியேட்டர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சிறிய கிளினிக்கிலோ செய்யக்கூடிய காரியம் இது அல்ல.

இருந்தும் எல்லா மருத்துவமனைகளிலும் இந்த வாய்ப்பு சொல்லப்படுவதில்லை. பழகிய கை வேண்டும்; நேரம் வேண்டும்; திருப்பும்போது ஏதாவது ஆனால் 'டாக்டர் கை வச்சதாலதான் ஆச்சு' என்ற பழி நேரடியாக வரும். தேதி குறித்த சிசேரியனில் அந்தப் பழி பெரும்பாலும் வராது.

'சொல்லவே இல்லையே' என்பது சட்டப் பிரச்சினையும்கூட

2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, இந்தியாவில் சிகிச்சைக்கான சம்மதம் என்றால் என்ன என்பதற்கு இன்றும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், வேறு வழிகள் இருந்தால் அவை, முக்கியமான ஆபத்துகள், மறுத்தால் வரக்கூடிய விளைவு ஆகியவற்றை நோயாளிக்குப் போதுமான அளவு சொல்ல வேண்டும் என்கிறது அந்தத் தீர்ப்பு. அரிதிலும் அரிதான, ஏட்டளவிலான ஆபத்துகளையெல்லாம் பட்டியல் போட வேண்டியதில்லை என்றும் சொல்கிறது.

இதைப் பிரீச்சுக்குப் பொருத்திப் பார்த்தால், 'வேறு வழிகள்' என்ற இடத்தில் இ.சி.வி. வருகிறது. அந்த மருத்துவமனையில் அது இல்லையென்றால், எங்கே இருக்கிறது என்று சொல்லி அனுப்பலாம். அதேபோல இ.சி.வி.க்குச் சம்மதம் வாங்கும்போது, இதயத்துடிப்பு குறையலாம், 200-ல் ஒருவர் அளவுக்கு அன்றே அவசர சிசேரியன் தேவைப்படலாம் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். துடிப்பு இறங்கிய பிறகு, ஓடிக்கொண்டே கையெழுத்து வாங்கும் நேரத்தில் அதை முதல்முறையாகக் கேட்கும் நிலை வரக் கூடாது.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

- எனக்கு இதைச் செய்ய முடியாதபடி ஏதாவது காரணம் இருக்கா?
- எந்த அறையில் செய்வீங்க? அங்கிருந்து தியேட்டர் எவ்வளவு தூரம்?
- அந்த நேரத்தில் தியேட்டரும் மயக்க மருந்து நிபுணரும் தயாரா இருப்பாங்களா?
- முன்னாடியும் பின்னாடியும் எவ்வளவு நேரம் இதயத்துடிப்பைப் பதிவு செய்வீங்க?
- ஹார்ட் பீட் குறைஞ்சா எவ்வளவு நேரம் பார்ப்பீங்க? அதுக்கப்புறம் என்ன செய்வீங்க?
- உங்க அனுபவத்தில் எத்தனை பேருக்குத் திரும்பியிருக்கு?
- திரும்பலைன்னா அடுத்து என்ன?

சாப்பிடாமல் வர வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. இதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை நடைமுறை மாறும்.

வீட்டுக்கு வந்த பிறகு ரத்தப்போக்கு, நீர் கசிவு, விடாத வயிற்று வலி, வயிறு இறுகிப்போவது, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திருப்ப வேண்டாம், நேரடியாக சிசேரியனே போதும் என்று ஒரு பெண் முடிவெடுத்தால் அதுவும் நியாயமான முடிவுதான். மேலே உள்ள எண்கள் அதற்கும் இடம் தருகின்றன. ஆனால் அந்த முடிவு, 'ஹார்ட் பீட் நின்னுடும்' என்று யாரோ சொன்னதை வைத்து எடுக்கப்படக் கூடாது. துடிப்பு குறையலாம், பெரும்பாலும் மீளும், மீளாவிட்டால் சில நிமிடங்களில் கத்தியை எடுக்கத் தயாராக ஒரு குழு பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்படி ஒரு குழு இருக்கும் இடத்தில் இ.சி.வி. யோசித்துப் பார்க்கத் தகுந்த வழி. அந்தக் குழு இல்லாத இடத்தில், 1,000-க்கு 4 என்ற சிறிய எண்ணை நம்பி யாரும் வயிற்றில் கை வைக்கக் கூடாது.